கிழக்கே சாய்ந்த வீட்டிலிருந்து மாப்பிள்ளைக்கு

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒரு வாய் தேநீர் குடிப்பதற்காகப் பேனாவை வைத்தேன். அது மேஜையின் கிழக்கு ஓரத்துக்கு உருண்டு போய்க் கீழே விழுந்து, அங்கிருந்தும் உருண்டு அலமாரிக்கு அடியில் புகுந்துகொண்டது. குனிந்து, படுத்து, துடைப்பத்தை விட்டுத் துழாவி எடுத்து வந்து எழுதுகிறேன். ஆகவே என் நலத்தைப் பற்றி நீங்களே ஒரு முடிவுக்கு வந்துகொள்ளவும். அங்கே நீங்களும் என் மகளும் நலமென்று நம்புகிறேன். உங்கள் மாமியாரின் நலத்தை நான் விசாரிக்கவில்லை. கதவு சாத்துகிற வீட்டில் இருக்கிறாள், குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது, நலமாகத்தான் இருப்பாள்.

இந்தக் கடிதத்தை மாமனார் என்ற முறையில் எழுதினால் மடித்துச் சட்டைப்பையில் வைத்து மறந்துவிடுவீர்கள். குடிமகன் என்ற முறையில் உங்கள் நகரமைப்பு அலுவலகத்துக்கு எழுதினால் கோப்பில் போட்டு மறந்துவிடுவீர்கள். இரண்டு இடத்திலும் உட்கார்ந்திருப்பவர் நீங்களே என்பதால் இரண்டு முறையிலும் சேர்த்தே எழுதுகிறேன். விஷயம் ஒன்றுதான். இந்த ஊருக்கு நீங்கள் தயாரித்துக்கொண்டிருக்கும் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில், எங்கே வீடு கட்டலாம், எங்கே கடை வைக்கலாம், எத்தனை மாடி எழுப்பலாம் என்றெல்லாம் விலாவாரியாக இருக்கிறது. கட்டுவதால் தரைக்குக் கீழே என்ன ஆகும் என்று ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரி இல்லாததால் என் வீடு சாய்ந்து, என் கிணறு வற்றி, என் மனைவி உங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள். வீட்டில் தண்ணீர் வந்தால்தான் திரும்பி வருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அவள் இங்கே வர வேண்டும், அந்த வரி அங்கே வர வேண்டும். மீதியெல்லாம் விளக்கம்தான், பொறுமையாகப் படிக்கவும்.

நான் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன். வேலைக்காலம் முழுவதும் ஓடுகிற தரையில் நின்றே பழகிய கால்கள் இவை. ஓய்வு பெற்று வீட்டோடு வந்த பிறகு, அசையாத தரை எனக்கு ஒத்துவரவே இல்லை. உட்கார்ந்தால் எழுந்தேன், எழுந்தால் நடந்தேன், முன்வாசலுக்கும் பின்வாசலுக்குமாகக் கூடத்தையே சுற்றிச் சுற்றி வந்தேன். போகிற வழியில் நாற்காலியில் யாராவது உட்கார்ந்திருந்தால் பழக்கதோஷத்தில் கையை நீட்டிவிடுவேன். வந்த விருந்தாளிகள் ஏதோ கேட்கிறேன் என்று நினைத்துக் கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். "காலுல சக்கரத்தக் கட்டிக்கிட்டா பொறந்தீங்க? ஒரு இடத்துல உக்காருங்களேன், எனக்குத் தலை சுத்துது" என்று உங்கள் மாமியார் சொல்லாத நாளில்லை. இப்படி இருக்கையில்தான் நம் வீட்டுக்குக் கிழக்கே இருந்த காலிமனையில் பழமும் காய்கறியும் அடுக்கி வைக்க ஒரு குளிர்பதனக் கிடங்கு கட்ட ஆரம்பித்தார்கள். தரைக்கு மேலே ஒரே ஒரு தளம், பார்ப்பதற்கு அடக்கமான கட்டிடம். தரைக்குக் கீழே இரண்டு. தோண்டினார்கள், தண்ணீர் ஊறியது. பெரிய பம்பு வைத்து இறைத்துத் தெருச் சாக்கடையில் விட்டார்கள், மறுபடி ஊறியது, மறுபடி இறைத்தார்கள். ராப்பகலாக அந்தப் பம்பு உறுமியது. வீட்டுத் தரை லேசாக அதிர்ந்துகொண்டே இருந்தது. மாப்பிள்ளை, உள்ளதை உள்ளபடி சொல்கிறேன், ஓய்வு பெற்ற பிறகு எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது அப்போதுதான்.

அதனால் வீடு சாய ஆரம்பித்தது எனக்குத் தெரியவில்லை. வளைவில் திரும்பும் வண்டியில் நிற்பதுபோலக் காலைக் கொஞ்சம் அகட்டி வைத்துக்கொண்டேன், உடம்புக்குச் சுகமாகவே இருந்தது. கண்டுபிடித்தவள் உங்கள் மாமியார். வாணலியில் முட்டையை உடைத்து ஊற்றிவிட்டுக் கூப்பிட்டாள். "என்னங்க, இங்க வந்து பாருங்க. மஞ்சக்கரு ஒரு பக்கமாவே ஓடுது." "முட்டை சரியில்ல, கடைய மாத்து" என்றேன். மாற்றினாள். அந்தக் கடை முட்டையும் கிழக்கே ஓடியது. "அப்ப அடுப்பு சரியில்ல" என்று அடுப்புக்கு ஒரு பக்கம் அட்டையை மடித்து முட்டுக் கொடுத்தேன். பிறகு கட்டிலுக்கு, பிறகு சாப்பாட்டு மேஜைக்கு, பிறகு அலமாரிக்கு. ஒரு முட்டு வைத்து நிமிர்வதற்குள் இன்னொன்று ஆடும். போன மாதம் வைத்த முட்டு இந்த மாதம் போதாது. வீட்டுக்குள் இருந்த சாமான் எல்லாம் மட்டமாக நின்றன, வீடு மட்டும்தான் கோணல். அந்தச் சமயத்தில்தான் நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தீர்கள். கூடத்துச் சுவரில் உங்கள் கல்யாணப் படம் மாட்டியிருந்ததல்லவா? அது ஆணியில் செங்குத்தாகத் தொங்கியது, சுவர்தான் சாய்ந்திருந்தது. நீங்கள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தீர்கள். எழுந்து போய், அந்த வீட்டில் நேராக இருந்த ஒரே பொருளை, "கோணலா இருக்கு மாமா" என்று திருத்திவிட்டு வந்து உட்கார்ந்தீர்கள். ஊருக்கே திட்டம் போடுபவர் சொல்கிறார், நான் என்ன பேச முடியும்?

குளியலறைக் கதவு சங்கதியும் அன்றைக்கு நடந்ததுதான். நிலை கோணிப்போனதால் கதவு சாத்தாது, பாதியில் நின்றுகொள்ளும். உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரிய வேண்டும் என்பதற்காக, உள்ளே போகிறவர் ஏதாவது பாடிக்கொண்டோ பேசிக்கொண்டோ இருக்க வேண்டும் என்பது வீட்டு ஏற்பாடு. உங்கள் மாமியார் கடைச்சாமான் பட்டியலைச் சொல்வாள், நான் ஸ்டேஷன் பெயர்களை வரிசையாகச் சொல்வேன். மாப்பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். நீங்கள் உள்ளே போய்ச் சின்ன வயதில் படித்த வாய்ப்பாடு முழுவதையும் ஒப்பித்தீர்கள். பதினாறாம் வாய்ப்பாட்டில் இரண்டு இடத்தில் தப்பு இருந்தது, மரியாதை கருதிச் சொல்லவில்லை. "தாழ்ப்பாள் பழசாயிடுச்சு மாமா, மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். மாற்றினேன். புதுத் தாழ்ப்பாள் இன்று வரை தன் ஓட்டையைப் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு கிணறு. வாளியை விட்டால் சளக் என்று கேட்க வேண்டிய இடத்தில் டங் என்று கேட்டது. எட்டிப் பார்த்தேன். அடியில் ஈரமான கல்லும், எப்போதோ தவறவிட்ட உங்கள் மனைவியின் பள்ளிக்கூடத்துக் குவளையும் கிடந்தன. கிணற்றோரத்து வேப்பமரம் காலமில்லாத காலத்தில் இலையைக் கொட்டியது. உங்கள் மாமியார் வெறும் வாளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "முட்டை போச்சு, பேசாம இருந்தேன். கதவு போச்சு, பேசாம இருந்தேன். தண்ணி இல்லாத வீட்டுல நான் என்ன பண்றது, சொல்லுங்க. நான் பொண்ணு வீட்டுக்குப் போறேன். தண்ணி வந்ததும் ஆள் அனுப்புங்க" என்று இரண்டு பையோடு கிளம்பிவிட்டாள். நான் போய் வாசலில் நின்றேன். "டிக்கெட் எடுத்தியா?" என்று கேட்டேன். அவள் போனபிறகு இந்த வீட்டில் நடப்பதற்கு இடம் அதிகம் இருக்கிறது, நடக்கத்தான் பிடிக்கவில்லை.

எனக்கு இப்போது தண்ணீர் கொடுப்பவர் மேற்கு வீட்டுத் தையல்காரர். அவர் கிணற்றில் இன்னும் ஊற்று இருக்கிறது. காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம், தானே தூக்கி வந்து வைக்கிறார். நான் கூச்சப்பட்டால், "தண்ணி என்ன நான் தச்சதாண்ணே? கீழேருந்து வருது, எடுத்துக்குங்க" என்கிறார். நல்ல மனிதர். அவரையே நம்பி எத்தனை காலம் ஓட்டுவது என்று தண்ணீருக்கு நானும் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன், அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

கிடங்கு கட்டுகிற பொறியாளரை நேரில் பார்த்துக் கேட்டேன். தெருவில் அவருக்கு ஹெல்மெட் என்று பெயர், ஏனென்றால் சாப்பிடும்போதுகூட அதைக் கழற்றியதை யாரும் பார்த்ததில்லை. "உங்க பம்பு என் கிணத்துத் தண்ணிய இழுத்துடுச்சு, வீடு உங்க பக்கமாச் சாயுது" என்றேன். கோபமே படவில்லை, மிகப் பணிவாகக் கேட்டார். "சார், அது உங்க தண்ணின்னு எந்தப் பேப்பர்ல எழுதியிருக்கு? காட்டுங்க, இப்பவே பம்ப நிறுத்திடறேன்." நான் சட்டைப்பையைத் தடவினேன், கால்சட்டைப் பையைத் தடவினேன், திரும்பவும் சட்டைப்பையைத் தடவினேன். வாழ்நாள் முழுவதும் எத்தனையோ பேர் என் முன்னால் நின்று இதே மாதிரி தடவியதைப் பார்த்திருக்கிறேன் மாப்பிள்ளை. அவர்களுக்கு உள்ளே எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் வாசல் பலகையைக் காட்டினார். லாரி வந்து போவது, இரைச்சல், நிழல், எல்லாம் பரிசீலித்து அனுமதி கொடுத்திருக்கிறது உங்கள் அலுவலகம். "கீழ என்ன ஆகும்னு எங்கள யாரும் கேக்கலையே சார். கேட்டிருந்தா சொல்லியிருப்போம்" என்றார். அதிலும் பொய் இல்லை.

பிறகு உங்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வந்தேன். நான் வந்ததாக நீங்கள் காட்டிக்கொள்ளவில்லை என்றாலும் நினைவிருக்கும். மேடையில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தீர்கள். பக்கத்தில் ஒரு தாங்கியில் ஊர் வரைபடம், வீடுகளுக்கு மஞ்சள், கடைகளுக்குச் சிவப்பு, பூங்காவுக்குப் பச்சை. எனக்கு முன்னால் ஒருவர், தன் தெருவில் கட்டிடங்களுக்கு என்ன வண்ணம் அடிக்க வேண்டும் என்று பேசிக்கொண்டே போனார், கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். இன்னொருவர், எதிர்வீடு மாடி எடுத்தால் தன் மொட்டைமாடியில் காயும் துணி அவர்கள் கண்ணில் படும் என்றார், குறித்துக்கொண்டீர்கள். என் முறை வந்தது. நீங்கள் தலையைத் தூக்காமல், "பேர் என்ன? எந்தத் தெரு?" என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு மேஜையில் உட்கார்ந்து "சாப்பாடு பிரமாதம் மாமா" என்றவர், வியாழக்கிழமை என் பெயரைக் கேட்கிறார். சொன்னேன். "கொஞ்சம் உரக்க" என்றீர்கள். உரக்கச் சொன்னேன், எனக்கே என் பெயர் சந்தேகமாகிவிட்டது. வரைபடத்தில் தரைக்குக் கீழே இருப்பதை எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டேன். சரி, மறுபக்கம் இருக்கும் போலிருக்கிறது என்று போய் வரைபடத்தைப் புரட்டிப் பார்த்தேன். வெள்ளைத் தாள். யாரோ தேநீர்க் குவளை வைத்த வட்டக் கறை ஒன்று மட்டும் இருந்தது. "இதான் என் கிணறுங்களா?" என்றேன். கூட்டம் சிரித்தது, நீங்கள் சிரிக்கவில்லை. உங்கள் பக்கத்தில் இருந்த அதிகாரி காகிதத்தைப் புரட்டி, "கிடங்கோட நிழல் காலையில உங்க கிணத்து மேல விழும். ஆனா அது அனுமதிச்ச அளவுக்குள்ளதான்" என்றார். நிழல் விழுகிறதே என்று கவலைப்பட்டீர்கள், சந்தோஷம். அது விழுவதற்குக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கூட்டம் முடிந்ததும் மாடிப்படியில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள், அங்கே என் பெயர் உங்களுக்குத் தெரிந்திருந்தது. "மாமா, மேல இருக்கறத அளக்கலாம், படம் போடலாம். கீழ இருக்கறது கண்ணுக்கே தெரியாது. தெரியாததுக்கு நான் எப்படி மாமா விதி எழுதறது?" என்றீர்கள். "டிக்கெட் இல்லாதவனும் கண்ணுக்குத் தெரியமாட்டான் மாப்பிள்ளை. கழிவறைக்குள்ள ஒளிஞ்சிருப்பான். நாமதான் கதவத் தட்டணும்" என்றேன். நீங்கள் கடிகாரத்தைப் பார்த்தீர்கள், நான் இறங்கி வந்துவிட்டேன்.

அன்றைக்குச் சொல்ல விட்டதை இங்கே எழுதுகிறேன். மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் எவர் வேலிக்கும் கட்டுப்பட்டு நிற்பதில்லை. இங்கே இறைத்தால் அங்கே குறைகிறது. தண்ணீர் போனதும் ஈரமண் பழைய ரொட்டி மாதிரி சுருங்குகிறது, மேலே நிற்கும் சுவர் அதோடு இறங்குகிறது. மரத்தின் வேர் தேடித் தேடிப் பார்த்துவிட்டுக் கையை விரிக்கிறது. ஆகவே உங்கள் திட்டத்தில் எழுதுங்கள்: நிலத்தில் கை வைக்கிற எவரும், கீழே உள்ள தண்ணீருக்கும் மண்ணுக்கும் வேருக்கும் பக்கத்து வீட்டு அஸ்திவாரத்துக்கும் என்ன ஆகும் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். தோண்டி முடித்த பிறகு அல்ல, முதல் கடப்பாரை விழுவதற்கு முன்னால். பக்கத்து வீட்டுக்காரன் பேப்பர் காட்ட வேண்டியதில்லை, தோண்டுகிறவன் காட்ட வேண்டும். இதில் பெரியவன் சின்னவன் பார்க்கக் கூடாது, வேண்டியவன் வேண்டாதவன் பார்க்கக் கூடாது. நான் உங்கள் மாமியாரின் சொந்தத் தம்பியையே டிக்கெட் இல்லாமல் வந்தான் என்று நடு ஸ்டேஷனில் இறக்கிவிட்டு அபராதம் போட்டவன். அவள் என்னோடு பேச வெகுகாலம் ஆனது, ஆனால் நான் போட்டது போட்டதுதான். நாளைக்கு உங்கள் மாமனாரே வந்து நின்றாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். அந்தத் தெம்பு உங்களுக்கு இருக்கிறது என்று நம்பித்தான் பெண்ணைக் கொடுத்தேன்.

வேறொன்றும் விசேஷமில்லை. என் மகளுக்கு என் ஆசி. உங்கள் தாய் தந்தையருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். நீங்கள் நீண்ட ஆயுளோடும் குறையாத நீரோடும் மட்டமான தரையோடும் வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன். உங்கள் மாமியாரிடம், அவளுடைய மூக்குக்கண்ணாடி கிடைத்துவிட்டது, கிழக்குச் சுவரோரம்தான் இருந்தது என்று சொல்லவும். வீட்டில் தொலைகிற எல்லாமே இப்போது அங்கேதான் கிடைக்கிறது.

இப்படிக்கு,
அன்புள்ள மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் என் மகள் போனில் கூப்பிட்டாள். "அப்பா, நீங்க கேட்டது திட்டத்துல வருதாம்ப்பா! அம்மா தட்டு வைக்கறப்பல்லாம் அதையேதான் பேசறாங்க. இவரு தாங்க முடியாம எழுதிட்டாரு. ஒண்ணாந்தேதியிலேருந்து யாரு தோண்டினாலும், போர் போட்டாலும்கூட, மொதல்ல கீழ என்ன ஆகும்னு சொல்லியாகணுமாம்" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாப்பிள்ளை என்றால் நீங்கள்தான் மாப்பிள்ளை. ஒரே ஒரு சின்ன விஷயம். நான் ஓர் ஏற்பாடு செய்திருப்பதாக மேலே எழுதியிருந்தேன் அல்லவா, அந்தப் போர்வெல் லாரி காலையிலேயே வந்து கொல்லையில் துளை போட ஆரம்பித்துவிட்டது. ஹெல்மெட்டின் பம்பு எட்டாத ஆழத்துக்குப் போய்விடலாம் என்று போர்வெல்காரர் வாக்குக் கொடுத்திருக்கிறார். இப்போது தண்ணீரும் வந்துவிட்டது! ஆனால் கொஞ்சமாக வருகிறது. இன்னும் கீழே போனால் கோடையிலும் வற்றாதாம், அதற்கு வேண்டிய நீளக் குழாயோடு அடுத்த மாதம்தான் வர முடியுமாம். ஆகவே அந்த விதியை ஒண்ணாந்தேதியிலிருந்து என்பதைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு வைக்கவும். தள்ள முடியாவிட்டால், அதில் போர்வெல் என்ற சொல்லை மட்டுமாவது எடுத்துவிடவும். வேண்டியவர் வேண்டாதவர் பற்றி நான் மேலே எழுதியது ஹெல்மெட்டை மனதில் வைத்து எழுதியது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தையல்காரர் வந்துவிட்டுப் போனார். கையில் வாளி, வாளி நிறையச் சேறு. "அண்ணே, காலையில வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. உங்க வண்டி சத்தம் ஆரம்பிச்சதுலேருந்து என் கிணத்துல இதான் வருது. மட்டமும் இறங்கிடுச்சு" என்றார். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? மிகப் பணிவாகத்தான் சொன்னேன். "அது உங்க தண்ணின்னு எந்தப் பேப்பர்ல எழுதியிருக்கு? காட்டுங்க, இப்பவே நிறுத்திடறேன்." அவர் பையைத் தடவவில்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை, அதற்கு மேலே பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். அவர் எதைப் பார்த்தார் என்று கையை வைத்துப் பார்த்தேன். கல் தெறிக்கும் என்று போர்வெல்காரர் காலையில் என் தலையில் மாட்டிவிட்ட ஹெல்மெட்டை நான் இன்னும் கழற்றவே இல்லை.

உங்கள் மாமியாரை நாளைக்கே அனுப்பி வையுங்கள். வீட்டில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்லுங்கள். எங்கேயிருந்து வந்தது என்று கேட்பாள், அவள் கேட்காமல் இருக்கமாட்டாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை மாப்பிள்ளை.